காது மாஸ்டர் சிங்கப்பூர் போனது

திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குள் முதல்முறையாகக் காலெடுத்து வைக்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, உடனே இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தகரக் கொட்டகைக்குள் பத்து வட்ட மிஷின்கள் ஓடும். ஒவ்வொன்றிலும் ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள் ஏறி இறங்கி நூலைத் துணியாக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவன் நம்மைப் பெயர் சொல்லித் திட்டினாலும் காதில் விழாது. அதனால் உள்ளே வேலை செய்கிறவர்கள் பேச மாட்டார்கள், கையைக் காட்டுவார்கள்.

ஆள்காட்டி விரலைக் கொக்கி போல மடக்கினால் ஊசி. உள்ளங்கைகளைத் தேய்த்தால் எண்ணெய். விரலைச் சுழற்றினால் மிஷினை ஓட்டு, முஷ்டியை மூடினால் நிறுத்து. இரண்டு கையையும் கூரை மாதிரி சேர்த்தால் வீடு. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சோறு. எதிரே நிற்கிறவனுக்குப் புரிந்துவிட்டால் வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். ‘கேட்டுச்சு’ என்று அதற்குப் பெயர். கை எழும்பவில்லை என்றால் அவனுக்குக் கேட்கவில்லை, மறுபடியும் காட்டு என்று அர்த்தம். யார் ஏற்படுத்தின வழக்கமோ தெரியாது, எந்த நிட்டிங் கம்பெனிக்குப் போனாலும் இதுதான்.

ராக்கையா உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்தது எண்பத்து மூன்றில். வந்த புதிதில் அவரும் கருப்புசாமியும் ஒரே மிஷினில் ஷிப்டு மாற்றி வேலை செய்தார்கள். கருப்புசாமி குண்டடத்துக்காரர். மழை பெய்தால்தான் வெள்ளாமை என்ற பூமியை விட்டுவிட்டுப் பனியன் வேலைக்கு வந்தவர். பத்து வருஷத்தில் அவர் இரண்டு பழைய மிஷின்களை வாங்கித் தனியாகக் கொட்டகை போட்டார். போட்ட அன்றே ராக்கையாவை மாஸ்டராக அழைத்துக்கொண்டார். அவர் முதலாளி, இவர் வேலைக்காரர் என்பதெல்லாம் வெளியே இருக்கிறவர்கள் சொல்வது. உள்ளுக்குள் இரண்டு பேரும் ‘ஏப்பா’, ‘என்னய்யா’தான்.

ராக்கையாவுக்குக் காது மாஸ்டர் என்று ஒரு பெயர் உண்டு. நிட்டிங் ஊசியின் நுனியில் சின்னதாக ஒரு மூடி ஆடிக்கொண்டிருக்கும். லேட்ச் என்பார்கள். ஆயிரம் ஊசியில் ஒரே ஒரு ஊசிக்கு அந்த லேட்ச் வளைந்தாலும் துணி முழுக்க நெட்டுக்குக் கோடு விழுந்துவிடும். கோடு கண்ணுக்குத் தெரிவதற்குள் அந்த ஊசியைக் கண்டுபிடித்துப் பிடுங்க வேண்டும். ராக்கையா நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். அதன் நுனியை மிஷினின் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னாலிருக்கும் எலும்பில் வைப்பார். கண்ணை மூடுவார். அந்தப் பேரிரைச்சலுக்குள்ளே டிக், டிக் என்று மெல்லிசாகத் தட்டும் ஒரு ஊசியைப் பிடித்துக் கையைக் காட்டுவார். காட்டிய இடத்தில் அது இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, மங்கலத்திலிருந்து ஊத்துக்குளி ரோடு வரைக்கும் அவரை வண்டி வைத்து அழைத்துப்போன கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். பனியன் ஊரில் பஞ்சுக்கா குறைச்சல்? ஆனால் பஞ்சை வைத்தால் ஊசிச் சத்தம் கேட்காதே. மற்றவனாவது வைத்துக்கொள்ளலாம், காதை வைத்துப் பிழைக்கிறவன் எப்படி வைப்பான்? இருபத்திரண்டு வருஷம் திறந்த காதோடு அந்த இரைச்சலுக்குள் நின்றார் அந்த மனிதர். யாரும் எச்சரிக்கவில்லை. எச்சரித்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

இரண்டாயிரத்து நாலு ஆடி மாதத்தில் ஒரு காரியம் நடந்தது.

கருப்புசாமியின் கொட்டகையில் அதற்குள் இரண்டு மிஷின் எட்டாகியிருந்தது. ஆறாம் நம்பர் மிஷினில் மூக்கையா என்பவன் ஆபரேட்டராக இருந்தான். ராக்கையாவின் ஊர்ப்பக்கம்தான். வேலை வாங்கிக் கொடுத்துத் திருப்பூருக்குக் கூட்டிவந்தவரே ராக்கையாதான். வந்த புதிதில் அவன் ராக்கையா வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டு, அவர் மனைவி ஒச்சாயி போட்ட சோற்றைத் தின்றுகொண்டு பதினோரு மாதம் இருந்தான். பிறகுதான் தனி வீடு பார்த்துப் பெண்டாட்டியை அழைத்து வந்தான். வாய் அதிகம் இல்லாத ஆள். பேசினாலும் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும்.

அன்று அவன் ராக்கையாவைப் பார்த்து விரலைக் கொக்கியாக மடக்கினான். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினான். ஊசிச் சத்தம் கேட்கிறது என்கிறான். ராக்கையா ஸ்க்ரூடிரைவரோடு போய் மிஷினில் வைத்தார். இரைச்சல் எலும்புக்குள் இறங்கியது. வேறொன்றும் இல்லை. இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தார். எதிரே நின்ற மூக்கையாவைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு விரலைச் சுழற்றினார். ஓட்டு. மூக்கையா கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு வலக்கையைத் தூக்கிக் காட்டினான்.

அந்த மிஷின் இரண்டு நாள் ஓடியது. வெள்ளைத் துணியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த கோடு, கருநீலச் சாயம் ஏறியதும் முகத்தில் அடித்தமாதிரி தெரிந்தது. அத்தனை ரோலும் போயிற்று. துணிக்கு ஆர்டர் கொடுத்திருந்த எக்ஸ்போர்ட்காரர் தன் ஆபீசில் கருப்புசாமியை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துப் பேசிவிட்டார். கருப்புசாமி அந்தக் கொதிப்போடு கொட்டகைக்கு வந்து மூக்கையாவை வெளியே கூப்பிட்டார். சாப்பாட்டுத் தூக்குப்போசி கொண்டுவந்திருந்த அவன் மனைவியும் அப்போது வாசலில்தான் நின்றாள்.

“மிஷின ஓட்டறேன்னு தூங்கீட்டிருந்தயாப்பா? சோறுதான திங்கற?” என்று ஆரம்பித்து, சொல்லக்கூடாத வார்த்தைகளும் வந்தன. பிறகு ராக்கையாவைப் பார்த்து, “நீ பாத்தயா அந்த மிஷின?” என்று கேட்டார்.

“பாத்தேன். நான் பாக்கும்போது ஒண்ணுமில்ல” என்றார் ராக்கையா.

மூக்கையா ஒரு தடவை அவரை நிமிர்ந்து பார்த்தான். மனைவி கையிலிருந்த தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு அவளோடு நடந்து போய்விட்டான். மிஷினை ஓடவிட்டுத் தூங்குகிறவன் என்று பேர் விழுந்த பிறகு எந்த நிட்டிங் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவிநாசிபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இருப்பதாகக் கொஞ்ச நாள் கழித்துக் காற்றுவாக்கில் தெரிந்தது. ராக்கையா போய்ப் பார்க்கவில்லை. இன்று போகலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. நான் பார்த்தபோது ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சொல்லி முடித்ததும் மறுபடியும் சொல்லிக்கொள்வார்.

மறு வருஷம் ஊசிக் கம்பெனி ஒன்று, அதிகம் விற்றுக்கொடுத்த ஏஜெண்டுகளுக்குச் சிங்கப்பூர் டிக்கெட் அறிவித்தது. மூன்று பேர், ஐந்து நாள். கொட்டகைக்கு ஊசி கொண்டுவரும் ஏஜெண்ட் பிரபாகருக்கு அது கிடைத்தது. முப்பது வயதுப் பையன், வாய் சாமர்த்தியசாலி, கருப்புசாமி, ராக்கையா இரண்டு பேரிடமும் ஒட்டிக்கொண்டு திரிகிறவன். தீபாவளி லீவில் திருப்பூரே காலியாகிவிடும், அப்போது போகலாம் என்று கருப்புசாமியைக் கூப்பிட்டான்.

“ராக்கையா வந்தா நானும் வாரேன். இல்லீன்னா நீயே போய்ட்டு வா கண்ணு” என்றுவிட்டார் கருப்புசாமி.

ராக்கையாவின் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், “என்ன சோலியாப் போறீங்க?” என்று கேட்டார். “சுத்திப் பாக்க” என்று சொல்ல ராக்கையாவுக்குக் கூச்சமாக இருந்தது. வாழ்க்கையில் அவர் எதையும் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. ஊருக்குக் கோவில் கும்பிடப் போவார், எழவுக்குப் போவார், அவ்வளவுதான்.

மெட்ராஸுக்கு ரயில், அங்கிருந்து விமானம். சிங்கப்பூரில் தமிழர் கடைகள் நிறைந்த தேக்கா பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல். தெரு நெடுக தீபாவளி விளக்குகள். முதல் நாள் மூன்று பேரும் நடந்தே தீர்த்தார்கள். மறுநாள் அந்த ஊர் ரயிலில் கருப்புசாமியும் ராக்கையாவும் பேசிக்கொண்டு வந்தபோது பெட்டியில் இருந்த ஜனமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

“ஏனுங்ணா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. சண்டைன்னு நெனச்சுக்குவாங்க” என்று பிரபாகர் சிரித்தான்.

“நாங்க எங்கப்பா சத்தமாப் பேசுனோம்?” என்று கருப்புசாமி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். ராக்கையாவால் அதற்குப் பிறகு அவர் பேசியதைப் பிடிக்க முடியவில்லை. வெளியே வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஊரே அவருக்கு ஒருமாதிரி இருந்தது. பஸ் வந்து நின்றது தெரியவில்லை, கதவு திறந்தது தெரியவில்லை. இவ்வளவு பெரிய ஊரை இத்தனை அமைதியாக எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவர் பிரபாகரிடம் கேட்டார். அவன் விநோதமாகப் பார்த்துவிட்டு, “அமைதியாங்ணா?” என்றான்.

மூன்றாம் நாள் காலை பறவைப் பூங்காவுக்குப் போனார்கள். செக்கச்சிவந்த நாரைகள், ஆள் உயரக் கொக்குகள், ஐந்து நிறத்தில் கிளிகள். “குண்டடத்துல இந்தக் கிளிய வுட்டாப் போதும், கம்பு பூராத்தையும் காலி பண்ணிப்போடும்” என்று கருப்புசாமி சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். ராக்கையாவும் மனம்விட்டுத்தான் சிரித்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்கும் போட்டோ இன்னும் ஒச்சாயியின் பெட்டியில் கிடக்கிறது.

பதினொரு மணிக்கு ஒரு திறந்த மேடையில் வேடிக்கை காட்டினார்கள். படிக்கட்டுகளில் ஜனம் நிறைந்து உட்கார்ந்திருந்தது. மைக்கைப் பிடித்த ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

பிரபாகர் இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்து சொன்னான். “எல்லாரும் கண்ண மூடிக்கோணுமாங்க. தெரைக்குப் பொறத்தால இருந்து ஒரு பறவை கத்துமாம். காதுல உழுந்ததும் கையத் தூக்கோணுமாம்.”

“ராக்கையாவுக்கா சொல்லிக்குடுக்கற? அவன் காதுக்குக் குருவி றெக்கைய அசைச்சாலே தெரியும்” என்றார் கருப்புசாமி பெருமையாக.

ராக்கையா கண்ணை மூடினார். முதல் பறவை தகரத்தைக் கிழிக்கிற மாதிரி கத்தியது. உடனே கையைத் தூக்கினார். கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லாருக்கும் முன்னால் எழுந்த கைகளில் அவருடையதும் ஒன்று. கருப்புசாமி அவர் தொடையில் தட்டினார். இரண்டாவது ஏதோ கரகரத்தது. அதற்கும் தூக்கினார். கைதட்டல் ஓய்ந்ததும் மூன்றாம் தடவை கண்ணை மூடினார்.

காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கூண்டைத் திறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கொட்டகைக்குள் செய்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழு மனதையும் காதில் கொண்டுபோய் வைத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேடையில் ஏதாவது கோளாறாகிவிட்டதா என்று கண்ணைத் திறந்தார்.

எல்லாருடைய கையும் மேலே இருந்தது. முன் வரிசைக் குழந்தைகள், ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு சீனத்துக் கிழவி, பிரபாகர், கருப்புசாமி, அந்தப் படிக்கட்டு முழுக்க ஒரு கை பாக்கியில்லை. கண்களை மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய கை மட்டும் மடியில் கிடந்தது.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடித்தானே இருக்கிறார்கள். அவர் மெதுவாகக் கையைத் தூக்கிக்கொண்டார். தூக்கிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். இப்படியே விட்டுவிட்டால் சாகும்வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை என்று அந்த இருட்டுக்குள் அவருக்குத் தோன்றியது.

வெளியே வரும்போது பிரபாகரிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். “அந்த மூணாவது குருவி எப்பிடிக் கத்துச்சு?”

“செரியாக் கேக்கலீங்களாண்ணா? நம்ம ஊசி லேட்ச் அடிபடுமில்லீங்க, அதே மாதிரி டிக் டிக்னு மெல்லிசா. ஆனா நல்லாவே கேட்டுச்சுங்க” என்றான் அவன். ஊசி விற்கிறவன் வேறெதைச் சொல்வான்?

மத்தியானம் ஆற்று முகத்தில் சிங்கத்தலைச் சிலை வாயால் தண்ணீர் கக்கும் இடத்துக்குப் போனார்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்க வேண்டுமென்று கருப்புசாமி ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர். பிரபாகர் கேமராவுக்குப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தபடி சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

“கருப்பு, எனக்குக் காது கேக்கலய்யா” என்றார் ராக்கையா.

“விமானத்துல அடைச்சது. செரியாப் போகும்.”

“விமானத்துல இல்ல. மெல்லிசான சத்தம் ஒண்ணுமே விழுகல. காலையில அந்தக் கடைசிக் குருவி கத்துனது எனக்குக் கேக்கவே இல்ல. கண்ணத் தொறந்து பாத்துட்டுத்தான் கையத் தூக்குனேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஊசிச் சத்தமும் அப்பிடித்தான். ஆறாம் நம்பர்ல மூக்கையா சத்தம் கேக்குதுன்னு என்னையக் கூப்பிட்டுக் காமிச்சான். நான் வச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்ல, ஓட்டுன்னு சொன்னேன். அவன் தூங்கலய்யா” என்றார்.

கருப்புசாமி திரும்பி அவரைப் பார்த்தார். “அவன் உன்னையக் கூப்பிட்டுச் சொன்னானா? அத நீ எங்கிட்டச் சொல்லவேயில்லியே. பாத்தேன், ஒண்ணுமில்லைன்னுதான சொன்ன?”

“ஆமா.”

“அவன் பொண்டாட்டிய வெச்சுக்கிட்டு நான் என்னென்ன பேசுனேன், தெரியுமில்ல உனக்கு?”

“பக்கத்துலதான நின்னேன்.”

“காது போச்சுன்னு அப்பவே தெரியுமா உனக்கு?”

ராக்கையாவுக்குப் பொய் சொல்ல எல்லா வசதியும் இருந்தது. “பாதி தெரியும்” என்றார். “மீதியத் தெரிஞ்சுக்கப் பயந்துக்கிட்டு இருந்தேன். காது இல்லைன்னா நான் யாருய்யா அங்க? என்னைய எதுக்கு வச்சிருப்ப?”

கருப்புசாமி எழுந்துவிட்டார். கோபமா, அவமானமா, எதுவென்று அவருக்கே தெரிந்திருக்காது. “வந்த எடத்துல எதுக்குப் பேச்சு” என்று மட்டும் சொன்னார். பிரபாகர் பேட்டரியோடு வந்து இரண்டு பேரையும் சிலைக்கு முன்னால் நிறுத்தினான். தோளில் கை போட்டுக்கொள்ளச் சொன்னான். போட்டுக்கொண்டார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கருப்புசாமி அவரோடு பேசவில்லை. கூடவே நடந்தார், சாப்பாட்டை நகர்த்தி வைத்தார், பேசவில்லை. கடைசி நாள் சாயங்காலம் தேக்காவில் ரோட்டைக் கடக்கும்போது ராக்கையா பாதையில் இறங்கிவிட்டார். வலது பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸின் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அவர் விளக்குகளைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். கருப்புசாமி எட்டி முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து தூசி தட்டிய பிறகும் கருப்புசாமி அந்தக் கையை விடவில்லை. ஓட்டல் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தார்.

“ஞாயித்துக்கெழமை மூக்கையாவப் போய்ப் பாக்கோணும். ரெண்டு பேருந்தான்” என்று ஓட்டல் வாசலில் உரக்கச் சொன்னார். ராக்கையாவுக்குக் கேட்டது.

ஊருக்கு வந்து ஒச்சாயியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “எனக்குத் தெரியாதாக்கும்? ரெண்டு வருசமாக் கத்திக் கத்தி என் தொண்ட போச்சு. இப்பத்தேன் சிங்கப்பூரு போயிக் கண்டுபிடிச்சு வந்தீகளாக்கும்” என்றாள். மூக்கையா விஷயத்தைக் கேட்டதும் அவள் கை நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சிங்கப்பூர் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பையில் வைக்கப் போனபோது அதைப் பிடுங்கி வெளியே வைத்தாள். “மிட்டாயக் குடுத்து மன்னிப்புக் கேக்காதீக. வெறுங்கையோட போங்க.”

கருப்புசாமியின் வண்டியில் தாராபுரம் ரோட்டில் போனார்கள். போகும்போதே கருப்புசாமி தலையைத் திருப்பிக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தார். இனி ஊசிச் சத்தத்தை வேறு ஆள் கேட்கட்டும், நீ கழற்றி மாட்டுகிற வேலையைப் பார், உன்னை விட்டால் அதற்கும் ஆள் இல்லை, வாயை மூடிக்கொண்டு வந்து சேர் என்றார். ராக்கையா பின்னாலிருந்து சரி என்று தலையாட்டினார். அவர் தலையாட்டியதைக் கருப்புசாமி எப்படிப் பார்ப்பார்? நாலு தடவை திரும்பச் சொன்னார்.

பண்ணை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நீளமான இரண்டு கொட்டகைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வேப்பமரம். மூக்கையா தீவன மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்தான். இளைத்திருந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டு, உட்காருங்க என்று கையைக் காட்டினான். தான் உட்காரவில்லை.

கருப்புசாமிதான் முதலில் பேசினார். “நான் பேசுனது தப்பு மூக்கையா. உம்பட ஊட்டுக்காரிக்கு முன்னால அப்படிப் பேசியிருக்கக்கூடாது. நீ வரோணும். அதே மிஷின், அதே வேலை. எல்லாத்தையும் கூட்டி வெச்சு நானே சொல்லிப்போடறேன், உம்மேல தப்பில்லைன்னு.”

ராக்கையா எழுந்து நின்றார். வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகள் எதுவும் வாய்க்கு வரவில்லை. “நாந்தான்டா தம்பி. எனக்குக் காது கேக்கல. நான் கேக்காம ஓட்டச் சொன்னேன். உன்னைய அவுக திட்டும்போது வாயத் தொறக்காம நின்னேன்” என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

மூக்கையா தரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, அவ்வளவுதான் ராக்கையாவுக்குத் தெரிந்தது.

“என்ன சொல்றான்?” என்று கருப்புசாமியைக் கேட்டார்.

“வேலைக்கு வரலீங்கறான்.” கருப்புசாமி குரலை உயர்த்தினார். “அந்தச் சத்தத்துக்குள்ள இனி வர மாட்டானாமா. எனக்குக் காது இன்னும் நல்லா இருக்குதுங்க, அதையாவது வெச்சுக்கறேங்கறான்.”

அந்த வார்த்தை ராக்கையாவை மறுபடியும் கட்டிலில் உட்காரவைத்துவிட்டது. மூக்கையா மறுபடியும் மெதுவாகப் பேசினான். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகப் பேசினான். கருப்புசாமியின் முகம் மாறிக்கொண்டே போனது.

“சொல்லுய்யா, என்ன சொல்றான்?”

“அவனுக்கு அன்னைக்கே தெரியுமாமா.” கருப்புசாமி அந்த வெட்டவெளியில், கொட்டகைக்குள் கத்துகிற மாதிரி கத்தினார். “உனக்குக் காது போச்சுன்னு. எப்பவும் ஸ்க்ரூடிரைவர வெச்சா நீ கண்ண மூடிக்குவயாமா. அன்னைக்குக் கண்ணத் தொறந்து அவன் மூஞ்சியவே பாத்தயாமா. சத்தம் வருதா இல்லியான்னு என்ர மொகத்துல தேடுனாருங்கறான்.”

ராக்கையாவுக்கு அந்த நிமிஷம் அப்படியே திரும்பி வந்தது. ஆமாம், பார்த்தார். எதிரே நின்றவன் முகத்தைத்தான் பார்த்தார். “பெறகு ஏன்டா சொல்லல?” என்று அவர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்தடியில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. “அவுக உன்னையத் திட்டும்போது சொல்லியிருக்கலாம்ல? மாஸ்டருக்குக் காது கேக்கலைன்னு ஒரு வார்த்த ஏன்டா சொல்லல?”

மூக்கையா ஏதோ சொன்னான். கருப்புசாமி அதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தார். வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராக்கையா ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அதைப் பார்த்த மூக்கையா நாலு அடி முன்னால் வந்து, மிஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் மாதிரி அவருக்கு நேராக நின்றான். விரலை நீட்டி ராக்கையாவைக் காட்டினான். இரண்டு கையையும் கூரை போலச் சேர்த்தான். ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனான். பிறகு பத்து விரலையும் விரித்துக் காட்டி, மடக்கி, ஒரு விரலைக் காட்டினான்.

உங்கள் வீடு. சோறு. பதினோரு மாதம்.

காட்டிவிட்டு, கொட்டகையில் எல்லாரும் நிற்கிற மாதிரி, பதிலுக்காக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராக்கையா வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கினார். கீழே இறக்க மனம் வராமல் வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார்.